மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளர் சட்டங்களைச் சிறு நிறுவனம் எவ்வாறு பின்தொடர்வது?

உதிரிபாகம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றை நடத்தி வருகிறேன். நேரடியாக 44 பேரும் ஒப்பந்ததாரர் மூலமாக 22 பேரும் வேலை செய்கிறார்கள். மனிதவளத் துறை என்று தனியாக எதுவும் இல்லை. கணக்குப் பார்க்கும் அம்மையார் ஒருவரும், மாதம் ஒருமுறை வந்துபோகும் பி.எஃப். ஆலோசகரும்தான் எங்களுக்கு எல்லாம்.

29 மத்தியச் சட்டங்களை ஒன்றிணைத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்ததிலிருந்து, தொழில்முனைவோர் வாட்ஸ்அப் குழுக்களில் நாளுக்கொரு செய்தி சுற்றுகிறது. அடிப்படைச் சம்பளத்தை உடனே மொத்தச் சம்பளத்தில் பாதியாக உயர்த்த வேண்டும் என்கிறார் ஒருவர். மாநில விதிகள் வரும்வரை எதையும் தொடவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எங்கள் ஆலோசகரோ, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். குறிப்பிட்ட ஒரு பிரிவைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. உற்பத்தியையும் வசூலையும் கவனித்துக்கொண்டு, சட்டப் புத்தகத்தோடு உட்கார நேரமில்லாத ஒரு முதலாளி எதைப் பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எதை நிம்மதியாக விட்டுவிடலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சம்பளப்பட்டியல்

பல நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். செய்தியைப் பின்தொடர்வதை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள், தேதிகளைப் பின்தொடருங்கள். ஒரு சட்டம் அவையில் நிறைவேறும் நாள், ஒப்புதல் பெறும் நாள், நடைமுறைக்கு வரும் நாள், அதன் விதிகள் வெளியாகும் நாள் ஆகிய நான்கும் வெவ்வேறு நாள்கள். செய்தித்தாள்கள் முதல் நாளில்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. உங்களைக் கட்டுப்படுத்துவது மூன்றாவது நாள். ஊதியச் சட்டத் தொகுப்பு குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது 2019 ஆகஸ்ட் 8 அன்று, மற்ற மூன்றும் பெற்றது 2020 செப்டம்பர் 28 அன்று. இவை நடைமுறைக்கு வர ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில், அடுத்த மாதம் முதல் அமல் என்ற செய்தி எத்தனை முறை வந்து போனது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் நம் மாநிலத்திலேயே உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. மூன்றே நாள்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பேரவைச் செய்தியை நம்பி ஷிஃப்ட் அட்டவணையை மாற்றியிருந்தால், அந்த மாற்றத்துக்கு எந்தச் சட்டமும் துணை நின்றிருக்காது.

ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் அரசிதழில் வெளியான அறிவிக்கை உண்டா, அதில் நடைமுறைக்கு வரும் தேதி என்ன என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். விடை கிடைக்காத செய்தியை ஓரமாக வைத்துவிடலாம். மத்திய அரசிதழும் தமிழ்நாடு அரசிதழும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தறிக்கூடம்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மாநில விதிகள் வரும்வரை காத்திருக்கலாம் என்ற கருத்தில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை. தொழிலாளர் நலன் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. படிவம் எது, யாரிடம் கொடுப்பது, எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பதையெல்லாம் மாநில அரசின் விதிகள்தான் சொல்லப்போகின்றன. அவை வருவதற்கு முன்பே செலவு செய்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பிறகு விதிகள் வேறு மாதிரி வந்தால் அதையும் மறுபடி மாற்ற வேண்டும். சிறு முதலாளிக்கு இரண்டு செலவா?

நீதிமன்றவாசல்

தொழிலாளர் நீதிமன்றங்களில் இரு தரப்புக்கும் வாதாடும் வழக்கறிஞர் நான். தறிக்கூடம் ஐயாவின் கேள்வி நியாயமானது. ஆனால் அதன் விடை பிரிவுக்குப் பிரிவு மாறும் என்பதால், மொத்தமாகக் காத்திருப்பது ஆபத்து. ஒரு பிரிவைப் படித்துப் பாருங்கள். ‘விதிகளில் குறிப்பிடப்படும் முறையில்’ என்ற சொற்கள் அதன் உயிர்நாடியாக இருந்தால், விதி இல்லாமல் அந்தக் கடமை முழு உருவம் பெறாது. அந்தச் சொற்கள் இல்லாமல், செய்ய வேண்டியதும் காலக்கெடுவும் பிரிவுக்குள்ளேயே இருந்தால், அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே உங்களைக் கட்டும்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் நாள் முடிவதற்குள் கொடுக்க வேண்டும் என்பதும், வேலையை விட்டு விலகியவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பதும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. முன்பு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை பெறுவோருக்கு மட்டுமே பொருந்தியது. இப்போது அந்த வரம்பும் இல்லை. உங்கள் மேலாளர் விலகினாலும் இதே கெடுதான். இதற்கு மாநில விதி எதுவும் வர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 29 மத்தியச் சட்டங்கள் நான்கு தொகுப்புகளுக்குள் வந்துவிட்டன என்பதால், பழைய விதிகள் அனைத்தும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. புதிய தொகுப்புக்கு முரண்படாத அளவில் அவை தொடர்வதற்கான பிரிவுகள் தொகுப்புகளிலேயே உள்ளன. இந்த இடைக்காலத்தில் பழைய பதிவேட்டை நிறுத்திவிட்டுப் புதியதற்காகக் காத்திருப்பவரிடம் இரண்டுமே இருக்காது. பழையதைத் தொடர்ந்து எழுதுவதில் நட்டம் ஒன்றும் இல்லை.

தறிக்கூடம்

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இரண்டு வேலை நாளில் முழுக் கணக்கையும் முடிப்பது நடக்கக்கூடிய காரியமா? பணிக்கொடை (கிராஜுவிட்டி), விடுப்புக்கான பணம், முன்பணத்தில் பிடிக்க வேண்டியது, அவரிடம் இருக்கும் கருவிகள், இவற்றையெல்லாம் சரிபார்க்கவே ஒரு வாரம் ஆகும். நடைமுறை தெரியாமல் எழுதிய பிரிவாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

சம்பளப்பட்டியல்

கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொள்வதால்தான் அது முடியாத காரியமாகத் தெரிகிறது. இரண்டு நாள் கெடு ஊதியத்துக்கு. பணிக்கொடை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தனியாக வருகிறது, அதைக் கொடுப்பதற்கு 30 நாள் உண்டு. நாங்கள் பட்டியல் தயாரித்துத் தரும் நிறுவனங்களில், விலகல் கடிதம் வந்த அன்றே வருகைப் பதிவையும் முன்பணத்தையும் பார்த்து ஒரு முன்கணக்குப் போட்டு வைக்கச் சொல்கிறோம். அறிவிப்புக் காலம் ஒரு மாதம் இருக்கும்போது, கடைசி நாளன்று மீதம் இருக்கும் வேலை அந்த மாதத்தின் சில நாள்களைக் கூட்டுவதுதான். அறிவிப்பே இல்லாமல் நின்றுபோகும் தொழிலாளி விஷயத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அவர் எந்த நாளில் விலகியதாகக் கொள்வது என்பதை உங்கள் நியமனக் கடிதத்தில் தெளிவாக எழுதி வைத்திருந்தால் தகராறு குறையும்.

உதிரிபாகம்

இந்த விவரம் ஆலோசகர் எனக்குச் சொல்லாதது. இப்போது என் அடுத்த சந்தேகம். எங்கள் அளவிலான நிறுவனத்துக்கு எந்தெந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஏதாவது இருக்கிறதா? 300 பேருக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலானவை பொருந்தாது என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள்.

நீதிமன்றவாசல்

அந்தக் கூட்டத்தில் சொன்னது ஒரு தொகுப்பின் இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டுமே பொருந்தும். தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் நிலையாணைகளுக்கும் (வேலை நிபந்தனைகளை எழுதிவைக்கும் ஆவணம்), ஆட்குறைப்பு, தற்காலிக வேலையின்மை (லே-ஆஃப்), ஆலை மூடல் ஆகியவற்றுக்கு அரசின் முன் அனுமதி பெறுவதற்கும் உரிய எல்லைதான் 300. முன் அனுமதிக்கு முன்பு 100 ஆக இருந்தது. மற்றவற்றுக்கு எல்லைகள் மிகக் கீழே இருக்கின்றன. பத்துப் பேர் என்றால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடும், பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்க வேண்டிய உள்ளகக் குழுவும் வந்துவிடும். 20 பேர் என்றால் பி.எஃப்., போனஸ், குறைதீர் குழு ஆகியவை வரும். மின்சக்தியைக் கொண்டு இயங்கும் இடம் தொழிற்சாலை ஆவதும் இப்போது 20 பேரில்தான், முன்பு அது 10. ஐம்பதில் குழந்தைகள் காப்பகம் வருகிறது, ஒப்பந்தத் தொழிலாளர் மட்டுமே ஐம்பது பேர் இருந்தால் அவர்கள் குறித்த பகுதியும் வருகிறது. பணிக்கொடை தொழிற்சாலைகளுக்கு ஆள்கணக்கே பார்க்காது.

என் அனுபவத்தில், சட்டத்தைப் பின்தொடர்வதில் பாதி வேலை உங்கள் ஆள்கணக்கைப் பின்தொடர்வதுதான். சட்டம் ஒரு எழுத்தும் மாறாமல் இருக்கும்போதே, நீங்கள் 19இலிருந்து 20க்குப் போன மாதத்தில் உங்களுக்குரிய சட்டம் மாறிவிடுகிறது. அதை எந்தச் செய்தித்தாளும் உங்களுக்கு அறிவிக்காது.

அதோடு, யாரை எண்ணுவது என்பதும் சட்டத்துக்குச் சட்டம் வேறு. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ‘ஊழியர்’ என்பதை வரையறுக்கும்போது, நேரடியாகவோ ஒப்பந்ததாரர் மூலமாகவோ அமர்த்தப்பட்டவர் என்று சொல்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது.

உதிரிபாகம்

அப்படியானால் குழந்தைகள் காப்பகத்துக்கு நாங்கள் 44 அல்ல, 66 பேரா? அதே நேரத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதிக்கு 22 மட்டும் என்றால் 50க்குக் கீழே இருக்கிறோம், அது பொருந்தாது. சரிதானா?

நீதிமன்றவாசல்

இரண்டும் சரி. ஆனால் இரண்டிலும் ஒரு பின்குறிப்பு உண்டு. காப்பகத்தை உங்கள் வளாகத்திலேயே நீங்கள் மட்டும் கட்ட வேண்டும் என்பதில்லை. அரசு, உள்ளாட்சி அமைப்பு, தனியார், தொண்டு நிறுவனம் ஆகியோர் நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் சேர்ந்து ஒன்றை நடத்தவும் தொகுப்பு இடம் தருகிறது. தொழிற்பேட்டையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. பக்கத்து யூனிட்டுகளோடு பேசிப் பாருங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி பொருந்தவில்லை என்றால், உரிமம் முதலான ஏற்பாடுகள் உங்களுக்கு இல்லை என்று மட்டுமே பொருள். ஒப்பந்ததாரர் ஊதியத்தைக் கொடுக்காமல் போனால், அந்தத் தொழிலாளி வேலை செய்த நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 43ஆம் பிரிவு கூறுகிறது. பி.எஃப். விஷயத்திலும் ஒப்பந்ததாரர் கட்டாத தொகை கடைசியில் உங்கள் வாசலுக்கே வரும். எனவே ஒப்பந்ததாரரின் மாத பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அந்த 22 பேரின் பெயர்கள் அடங்கிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்களை வாங்கிப் பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் காட்டும் ரசீது போதாது. அதில் உங்கள் ஆள்கள் இருக்கிறார்களா என்பது தெரியாது.

கணக்கர்

பாதி அடிப்படைச் சம்பளம் என்ற விஷயத்தை யாராவது தெளிவுபடுத்த முடியுமா? எங்கள் நிறுவனத்தில் எல்லோருடைய சம்பள அமைப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் கைக்கு வரும் தொகை குறையும் என்று தொழிலாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

சம்பளப்பட்டியல்

அடிப்படைச் சம்பளம் பாதியாக இருக்க வேண்டும் என்று எந்தத் தொகுப்பும் சொல்லவில்லை. ‘ஊதியம்’ என்றால் எல்லாப் பணப்பலன்களும் என்று தொடங்கி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, மிகைநேர ஊதியம், கமிஷன், வேலையளிப்பவரின் பி.எஃப். பங்களிப்பு போன்ற சிலவற்றைச் சட்டம் விலக்குகிறது. விலக்கப்பட்டவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு மீண்டும் சேர்க்கப்படும். அதாவது கணக்கிடும் முறைதான் மாறியிருக்கிறது. சம்பளச் சீட்டை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஒருவருக்கு மொத்தம் 30,000 ரூபாய் என்று கொள்வோம். அடிப்படையும் அகவிலைப்படியும் 11,000, வீட்டு வாடகைப்படி 11,000, பயணப்படி 8,000. (வேலையளிப்பவரின் பி.எஃப். பங்களிப்பை எளிமைக்காக இங்கே விட்டிருக்கிறேன். உண்மைக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.) விலக்கப்பட்டவை 19,000, பாதி என்பது 15,000, எனவே மிஞ்சும் 4,000 ஊதியத்தில் சேர்ந்து, சட்டத்தின் பார்வையில் ஊதியம் 15,000 ஆகிறது. ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று பொதுவாகப் பெயரிட்டு எல்லோருக்கும் கொடுத்து வரும் தொகை விலக்குப் பட்டியலில் இல்லவே இல்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அது பாதிக் கணக்குக்கு வருவதற்கு முன்பே ஊதியத்தில் சேர்ந்துவிடும். பி.எஃப். விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே, எல்லோருக்கும் ஒரே சீராகக் கொடுக்கப்படும் படிகள் அடிப்படை ஊதியத்தின் பகுதிதான் என்று சொல்லிவிட்டது. சட்டமன்றம் மட்டுமே சட்டத்தை மாற்றுகிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு நல்ல பாடம்.

கைக்கு வரும் தொகை குறையுமா என்பது பி.எஃப். எதன்மீது பிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 2014 செப்டம்பரிலிருந்து பி.எஃப். ஊதிய வரம்பு 15,000. ஏற்கெனவே 15,000 மீது கட்டி வந்தால் கட்டாய உயர்வு எதுவும் இல்லை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 11,000 மீது கட்டியிருந்தால் மட்டும் தொழிலாளியின் பங்கு 1,320இலிருந்து 1,800 ஆகும்.

பெரிய தாக்கம் பணிக்கொடையில்தான். அது கடைசியாகப் பெற்ற ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், கடந்துபோன ஆண்டுகளுக்கும் சேர்த்தே உயர்கிறது. பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு 11,000 என்றால் சுமார் 63,462 ரூபாய், 15,000 என்றால் சுமார் 86,538 ரூபாய். பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் 2025 டிசம்பர் காலாண்டுக் கணக்கில் இதற்காக ஒருமுறைச் செலவு காட்டியதன் காரணம் இதுவே. சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்கு ஒதுக்கீடே வைப்பதில்லை. ஒருவர் ஓய்வு பெறும் மாதத்தில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

இ.எஸ்.ஐ.யையும் மறந்துவிட வேண்டாம். அதன் ஊதிய வரம்பு 21,000. முன்பு வீட்டு வாடகைப்படியும் சேர்த்து எண்ணியதால் வெளியே நின்ற சிலர், புதிய வரையறையின்படி உள்ளே வரக்கூடும். உங்கள் பட்டியலில் 21,000க்கும் 42,000க்கும் இடையில் மொத்தச் சம்பளம் பெறுவோரை ஒவ்வொருவராகக் கணக்கிட்டுப் பாருங்கள்.

சங்கப்பொறுப்பாளர்

தொழிலாளர் தரப்பிலிருந்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலாளிகள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள முயல்வது எங்களுக்கும் நல்லதுதான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே பேசப்பட்டவை பெரும்பாலும் தில்லியிலிருந்து வந்தவை. மாநிலச் சட்டங்கள் அந்த 29க்குள் வரவில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 அப்படியே இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற பிரிவு 2021இல் அதில்தான் சேர்க்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தின்படி தர வேண்டிய ஒன்பது நாள்களும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம். பொருந்தும் நிறுவனங்களில் 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. புதிய தொகுப்பு குறித்த காலப் பணியாளர்களை அனுமதிக்கிறது என்பதை மட்டும் படித்துவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்தச் சட்டத்தையும் ஒருமுறை படிப்பது நல்லது. அந்தக் குறித்த காலப் பணியாளருக்கும் ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு, ஐந்தாண்டு காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது.

ஊதியக் கோரிக்கையை இப்போது மூன்று ஆண்டுகள் வரை எழுப்பலாம். குறைந்தபட்ச ஊதியத்துக்கு முன்பு ஆறு மாதம்தான் இருந்தது. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வேலையளிப்பவர் மீதே இருக்கிறது. கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டையும் ஒழுங்காக வைக்காதவர் எந்தச் சட்டத்தைப் பின்தொடர்ந்தும் பயனில்லை.

தறிக்கூடம்

சங்கப்பொறுப்பாளர் ஐயா சொல்வது சரிதான். ஆனால் சிறு முதலாளிக்குத் தண்டனையைச் சொல்லி மட்டும் பயமுறுத்தக் கூடாது. புதிய ஏற்பாட்டில் ஆய்வாளர் ‘ஆய்வாளர் மற்றும் வழிநடத்துநர்’ ஆகிவிட்டார், வழக்குப் போடுவதற்கு முன் திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும் என்றும் இருக்கிறதே?

நீதிமன்றவாசல்

இருக்கிறது. ஆனால் ஐந்தாண்டுக்குள் அதே தவற்றை மீண்டும் செய்தால் அந்த அவகாசம் கிடையாது. குறைவான ஊதியம் கொடுத்ததற்கு முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம், ஐந்தாண்டுக்குள் மறுமுறை என்றால் மூன்று மாதம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. முதல் அவகாசத்தை உங்கள் நடைமுறையைச் சரிசெய்யப் பயன்படுத்த வேண்டும். அந்த ஒரு புகாரை மட்டும் மூடிவிட்டு எழுந்தால், அடுத்த முறைக்கு அதுவே உங்களுக்கு எதிரான பதிவாக நிற்கும்.

கணக்கர்

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். சுவரில் ஒரு நாள்காட்டி. மாதந்தோறும் 7 அன்று சம்பளக் கெடு, 15 அன்று பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஜனவரி 31க்குள் தொழிலாளர் நல நிதியும் உள்ளகக் குழுவின் ஆண்டறிக்கையும். ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்கான அகவிலைப்படி மாறும். அது சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவது. எந்த மசோதாவும் இல்லாமல், எந்தத் தொலைக்காட்சிச் செய்தியும் இல்லாமல் வருவதால் இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ். அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குத் தொழில் வரி. இதில் 15ஆம் தேதியைத் தவறவிட்டால் என்னவாகும் என்பதை முதலாளிக்குப் புரியவைப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

சம்பளப்பட்டியல்

கணக்கர் அவர்களே, வருமான வரியைச் சொல்லிப் பாருங்கள், புரிந்துவிடும். தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை உரிய தேதிக்குள் கட்டாவிட்டால், அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின்படி ஒரு நாள் தாமதித்துக் கட்டியவர்களும் அந்தத் தொகைக்கு வரி கட்ட நேர்ந்தது. அதற்கு மேல் பி.எஃப். நிறுவனத்துக்கு 12 விழுக்காடு வட்டியும், 2024 ஜூன் முதல் மாதத்துக்கு ஒரு விழுக்காடு என்ற வீதத்தில் இழப்பீடும் உண்டு.

உதிரிபாகம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஆலோசகர் வரும் நாளில், அவரிடமிருந்து எழுத்தில் மூன்று விவரங்கள் கேட்கப்போகிறேன்: இந்த மாதம் அரசிதழில் நமக்குப் பொருந்தும்படி ஏதாவது வந்ததா, நம் ஆள்கணக்கு எந்த எல்லையையாவது தொட்டதா, ஒப்பந்ததாரரின் சலான்களில் 22 பெயரும் இருந்தனவா. நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம் என்பதால், இதுவரை கொடுக்காத பதினோரு பேருக்கு இந்த வாரமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். ஒருவர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு அறிவிப்புக் காலத்தில் இருக்கிறார். அவர் கடைசியாக வேலைக்கு வரும் நாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எங்களுக்கு வேலை நாள், ஞாயிறு விடுமுறை. இரண்டு வேலை நாள் என்பதை எங்கிருந்து எண்ணுவது?

நீதிமன்றவாசல்

பிரிவு ‘விலகலிலிருந்து’ என்றுதான் சொல்கிறது. கடிதம் கொடுத்த நாளா, பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளா என்று விரித்துச் சொல்லவில்லை. விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணுவதே பொருத்தமான வாசிப்பு என்பது என் கருத்து. அந்த நாளையும் விலகலை ஏற்கும் கடிதத்திலேயே குறிப்பிட்டுக் கையொப்பம் வாங்கி வையுங்கள். உங்கள் கணக்கில் சனியும் திங்களும் அந்த இரண்டு நாள்கள். திங்கள் மாலைக்குள் பணம் வங்கிக் கணக்கில் சேர வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை மாலையே உங்கள் கணக்குப் பார்க்கும் அம்மையாரிடம் பட்டியல் தயாராக இருக்கட்டும்.